ஒரே மன்றம், நான்கு எழுத்துக்கூட்டல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வட மாவட்டம் ஒன்றில் பதிவு பெற்ற தெருக்கூத்து மன்றத்தின் செயலாளராகப் பல ஆண்டுகளாகப் பொறுப்பு வகித்து வருகிறேன். அரசு நிதியுதவிக்கு விண்ணப்பிக்க விரும்பும் ஒரு கலைக்குழு, தன்னை இணையத்தில் பதிவு செய்துகொள்ள முயலும்போது எதிர்கொள்ளும் இடையூறு ஒன்றைத் தங்கள் நாளிதழ் வழியாகத் துறையினரின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். கலைக்கு ஒதுக்கும் பணம் போதவில்லை என்பதோ, அதிகாரிகளுக்குக் கலையில் அக்கறை இல்லை என்பதோ என் முறையீடு இல்லை. என் குறை ஒன்றுதான். கேட்பவர்க்கு அது அற்பமாகவும் தோன்றலாம். தமிழில் ஒரே பெயர் கொண்ட எங்கள் மன்றத்துக்கு ஆங்கிலத்தில் நான்கு பெயர்கள் இருக்கின்றன.

எங்கள் பதிவுச் சான்று தட்டச்சுப் பொறியில் அடிக்கப்பட்ட காலத்தது. அதில் 'கூத்து' என்ற சொல்லின் நெடிலுக்கு இரண்டு 'ஓ' இடப்பட்டிருக்கிறது. பின்னாளில் வாங்கிய பான் அட்டையில் அந்த நெடில் ஒற்றை 'யூ' ஆகிவிட்டது. வங்கிக் கணக்குப் புத்தகத்தில் 'மன்றம்' என்ற சொல்லின் நடுவே ஒரு 'டி' (D) நுழைந்திருக்கிறது. சான்றிலோ அந்த 'டி' கிடையாது. பிற்காலத்தில் நாங்களே அச்சடித்த கடிதத்தாளில், அச்சகத்தார் தம் காதுக்குச் சரியென்று பட்ட முறையில், 'த்து' என்பதில் ஒரு 'ஹெச்' கூடுதலாகச் சேர்த்துவிட்டார். இவற்றுள் எது சரி என்று கேட்டால் எல்லாமே சரிதான், ஏனெனில் தமிழ்ச் சொல்லை ரோமன் எழுத்தில் எழுதுவதற்கு அலுவலகங்கள் அனைத்தையும் கட்டுப்படுத்தும் ஒரு நெறி நடைமுறையில் இல்லை. மாநில அரசின் இயல் இசை நாடக மன்றமே, 'இயல்' என்பதன் முதற்குறிலுக்கு ஆங்கிலத்தின் 'ஈ' எழுத்தைத்தான் பயன்படுத்துகிறது. வேறொருவர் எழுதினால் அங்கே 'ஐ' இருக்கும். இருவரையும் குற்றம் சொல்ல முடியாது.

காகிதத்தில் எழுதி நேரில் கொடுத்த காலத்தில் இந்த வேறுபாடு யாரையும் உறுத்தவில்லை. மேசைக்கு அப்பால் இருந்தவர் தமிழ் அறிந்தவர். எழுத்து எப்படியிருந்தாலும் அவர் வாய்க்குள் படித்துப் பார்ப்பார், பெயர் ஒன்றுதான் என்று உணர்ந்துகொள்வார், மேலே செல்வார். இன்று அந்த இடத்தில் ஒரு நிரல் இருக்கிறது. அது ஒலியைக் கேட்பதில்லை. எழுத்தை எழுத்தோடு வைத்துப் பார்க்கிறது. ஓர் எழுத்து பிசகினாலும் 'விவரம் பொருந்தவில்லை' என்று ஒரு வரியைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. எந்த எழுத்து பொருந்தவில்லை என்பதை அது சொல்வதும் இல்லை.

இணையப் பதிவு என்று ஒற்றைச் சொல்லில் குறிப்பிட்டாலும் அது ஒரு பதிவு அன்று. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய பல பதிவுகள். தமிழ்நாட்டில் ஒரு கலைக்குழு சங்கமாக அமைய வேண்டுமானால் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ், குறைந்தது 7 பேர் சேர்ந்து, சங்க விதிகளை எழுதி, மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விண்ணப்பத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே செய்யலாம். அந்தத் தளம் தமிழிலும் இருக்கிறது என்பதை நன்றியோடு குறிப்பிடுகிறேன். சான்று கிடைத்தபின் வருமான வரித்துறையிடம் சங்கத்தின் பெயரில் பான் எண். அந்த எண்ணைக் காட்டிச் சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு. இவை மூன்றும் கைக்கு வந்தபின் நிதி ஆயோக்கின் 'என்.ஜி.ஓ. தர்ப்பண்' இணையதளத்தில் பதிவு செய்து தனி அடையாள எண் ஒன்றைப் பெற வேண்டும். நடுவண் அரசின் மானியம் கேட்கும் தொண்டு அமைப்புகளுக்கு இந்த எண் இன்றியமையாதது. அதற்கடுத்து, பணம் வந்து சேரும் வழியான பொது நிதி மேலாண்மை முறைமையில், அதாவது எல்லோரும் பி.எஃப்.எம்.எஸ். என்று குறிப்பிடும் தளத்தில், மன்றத்தையும் அதன் வங்கிக் கணக்கையும் இணைக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகுதான் பண்பாட்டு அமைச்சகத்தின் விண்ணப்பப் படிவம் நம் முன் திறக்கிறது.

இந்த அடுக்கில் ஒவ்வொரு படியும் தனக்குக் கீழுள்ள படியைச் சாட்சியாகக் கேட்கிறது. தர்ப்பண், பான் விவரத்தைச் சரிபார்க்கிறது, பி.எஃப்.எம்.எஸ்., கணக்கு விவரத்தை வங்கியிடம் சரிபார்க்கிறது. மோசடியைத் தடுக்க இது தேவை என்பதை நான் மறுக்கவில்லை. இல்லாத அமைப்புகளின் பெயரில் பொதுப்பணம் போவதை உண்மையான கலைஞன் எவனும் விரும்பமாட்டான். ஆனால் போலியைப் பிடிக்க விரித்த வலையில், எழுத்துக்கூட்டல் ஒன்றாக இல்லாத குற்றத்துக்காக, ஊரறிந்த குழுக்கள் சிக்கிக்கொள்கின்றன. போலி அமைப்பை உருவாக்குபவன் தன் ஆவணங்கள் அனைத்தையும் ஒரே வாரத்தில், ஒரே கணினியில், ஒரே எழுத்துக்கூட்டலில் செய்துகொள்வான் என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. முப்பது, நாற்பது ஆண்டுகளாக இயங்கும் மன்றத்தின் ஆவணங்கள்தாம் பல கைகளில் பிறந்தவை.

எங்கள் அனுபவத்தைச் சுருக்கமாகக் கூறுகிறேன். தர்ப்பணில் பதிவு செய்ய நானும் மன்றத்தின் இளைஞர் ஒருவரும் அமர்ந்தபோது, பான் விவரம் ஏற்கப்படவில்லை. பதிவுச் சான்றில் உள்ளபடி பெயரை அடித்தோம், பான் பொருந்தவில்லை. பான் அட்டையில் உள்ளபடி அடித்தோம். பான் பொருந்திற்று, ஆனால் பதிவேற்றிய சான்றில் வேறு பெயர் இருந்தது. பதிவுச் சான்றில் பெயரைத் திருத்துவதென்றால் பொதுக்குழுவைக் கூட்டிச் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றிப் பதிவாளரிடம் போக வேண்டும் என்பதால், சான்றை அப்படியே வைத்துக்கொண்டு பான் அட்டையைத் திருத்த முடிவு செய்தோம். அது திருந்தி வந்தபின் வங்கிக்குச் சென்றோம். கணக்கின் பெயரை மாற்றுவதற்குத் தீர்மான நகல், புதிய பான் நகல், பதிவுச் சான்றின் நகல், கையெழுத்திடுவோர் அனைவரும் நேரில் வருகை என்று கேட்டார்கள். கையெழுத்திடும் மூவரில் ஒருவர் எங்கள் வாத்தியார், அதாவது கூத்தைப் பயிற்றுவித்து நடத்துபவர். சித்திரை மாதத்தில் அவர் இரவு முழுவதும் கூத்து ஆடும் இடமான களரியில் நின்று, விடிந்தபின் வேடம் கலைத்து, வங்கி திறக்கும் நேரத்தில்தான் கண்ணயர்வார். ஒரு வழியாக எல்லாம் ஒன்றுபட்ட நாளில், அந்த ஆண்டுக்கான விண்ணப்பக் காலம் முடிந்திருந்தது. எந்த அலுவலகத்தையும் நான் குறை கூறவில்லை, ஏனெனில் அவரவர் விதியை அவரவர் கடைப்பிடித்தார்கள். அவற்றுள் எந்த விதியும் மற்றொன்றைப் பார்த்து எழுதப்படவில்லை என்பதுதான் கேடு.

மன்றத்தின் பெயரோடு இது முடிவதில்லை. தர்ப்பண் பதிவுக்குப் பொறுப்பாளர்கள் மூவரின் ஆதார், பான் விவரங்கள் வேண்டும். இங்கேதான் தமிழருக்கே உரிய தலைவலி ஒன்று காத்திருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக இட்டுக்கொள்கிறோம். பான் விண்ணப்பமோ தலைப்பெழுத்தை ஏற்காது. அதை விரித்துத் தந்தையின் முழுப்பெயரைக் கடைசிப் பெயராக எழுதச் சொல்லும். ஆதாரில் தலைப்பெழுத்தோடு மட்டும் பெயர் இருப்பவர் ஏராளம். ஆகவே எங்கள் முகவீணைக்காரர் ஆதாரில் ஓர் எழுத்துக்குரியவர், பானில் இரண்டு பெயர்க்காரர். கணினியின் கண்ணுக்கு அவர்கள் இரண்டு மனிதர்கள். நிலத்தை அடமானம் வைக்கும்போதும், பேரனைப் பள்ளியில் சேர்க்கும்போதும் ஒருவராகவே இருந்த மனிதர், மானியம் கேட்கும்போது இருவராகிவிட்டார்.

அந்தப் படியையும் கடந்து, ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறைக் கடவுச்சொல் வந்து சேரும் எண் யாருடையது என்று தேடினால், பழைய எண்ணைக் கைவிட்டுப் புதிய எண்ணுக்கு மாறியவர்களே பாதிப்பேர். இதனால் எளிய வழியொன்று சில குழுக்களில் வழக்கமாகிவிட்டது: செயலாளரின் சொந்தப் பான் எண்ணையே சங்கத்தின் எண் போலக் கொடுத்துவிடுவது. இது பெரும் தவறு. பான் எண்ணின் நான்காம் எழுத்தே அது தனிமனிதருடையதா, அமைப்புடையதா என்று காட்டிக் கொடுத்துவிடும். அங்கே 'பி' (P) இருந்தால் தனிமனிதர், 'டி' (T) இருந்தால் அறக்கட்டளை, 'ஏ' (A) இருந்தால் பலர் சேர்ந்த கூட்டமைப்பு. சங்கத்துக்கு வந்த பணம் தம் தனி வருமானமாகக் கணக்கில் ஏறிவிடும் ஆபத்தை இந்தச் செயலாளர்கள் அறியாமலே செய்கிறார்கள்.

தர்ப்பண் பதிவுக்குக் கட்டணம் எதுவும் கிடையாது என்பதைத் தங்கள் நாளிதழ் பெரிய எழுத்தில் வெளியிட்டாலும் தகும். அந்த எண்ணை 'வாங்கித் தருவதாக'ச் சொல்லிப் பணம் பறிக்கும் இடைத்தரகர்கள் கிராமந்தோறும் கிளம்பிவிட்டார்கள். பணத்தைக் காட்டிலும் கொடுமை, பதிவின்போது தம் சொந்தக் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் அவர்கள் கொடுத்துவிடுவதுதான். அடுத்த ஆண்டு விவரத்தைப் புதுப்பிக்கச் சென்றால், கடவுச்சொல் அவரிடம். மன்றத்தின் சாவி தரகர் மடியில்.

பெயர்ச் சிக்கல் என்று நான் கூறுவதை மன்றத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை, ஏனெனில் கலையின் பெயரிலும் அதே சிக்கல் இருக்கிறது. பண்பாட்டு அமைச்சகத்தின் 'கலா சன்ஸ்கிருதி விகாஸ் யோஜனா' என்ற பெருந்திட்டத்தின்கீழ் குரு சீடர் மரபுக்கான நிதியுதவி ஒன்று உண்டு. குருவுக்கு மாதம் 15,000 ரூபாயும், சீடர்களுக்கு வயதுக்கேற்ப 2,000 ரூபாய் முதல் 10,000 ரூபாய் வரையும் வழங்கப்படுகிறது. நாடகம் என்றால் ஒரு குருவும் 18 சீடர்கள் வரையிலும். இசை, நடனம் என்றால் ஒரு குருவும் 10 சீடர்கள் வரையிலும். இப்போது கூத்து எது? வாத்தியார் பாடுகிறார், எல்லோரும் பின்பாட்டுப் பாடுகிறார்கள், அடவு பிடித்து ஆடுகிறார்கள், கட்டியங்காரன் வசனம் பேசிக் கதையை நடத்துகிறான். எங்கள் முன்னோர் இயல், இசை, நாடகம் என்று முத்தமிழாகச் சொன்னது மூன்றும் ஒரே இரவில், ஒரே களரியில் நிகழ்கின்றன. படிவத்தில் ஒரு பெயரைத்தான் சொல்ல முடியும். விவரம் அறியாமல் 'நடனம்' என்று எழுதிவிட்ட குழு, எட்டுச் சீடர்களுக்குக் கிடைக்கக்கூடிய உதவியை அந்த ஒற்றைச் சொல்லால் இழந்துவிடும். கூத்தை நாடகம் என்றே குறிப்பிடுங்கள் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லி வருகிறேன். அதற்காக ஆட்டக்காரர்கள் என்மீது வருத்தப்படுவதும் உண்டு.

அடுத்து, எங்கள் தொழிலின் சொற்கள். நிகழ்ச்சிகளுக்கும் தயாரிப்புகளுக்குமான நிதியுதவியில் ஓர் அமைப்புக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலும், சிறப்பு நேர்வுகளில் 20 லட்சம் ரூபாய் வரையிலும் வழங்க விதி இடமளிக்கிறது. இவ்வளவு தொகையைக் கொடுப்பவர்கள் கடந்த ஆண்டுகளின் செயல்பாட்டுக்குச் சான்றும், பட்டயக் கணக்காளர் தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கும் கேட்பது முற்றிலும் நியாயமே. ஆனால் எங்கள் வரவு எப்படி வருகிறது? திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்கு ஊர்ப் பெரியவர்கள் வந்து தாம்பூலம் மாற்றி அச்சாரம் கொடுத்துவிட்டுப் போவார்கள். பாரதம் முடிந்து, துரியோதனன் வீழ்வதை ஆடிக்காட்டும் படுகளத்தன்று மீதித்தொகை கைக்கு வரும். அன்றே வேடக்காரர், வாத்தியக்காரர், பெட்டி சுமப்பவர் என்று அவரவர் பங்கைப் பிரித்துக் கொடுத்துவிடுவோம். ரசீது என்ற ஒன்றை எங்களிடம் யாரும் கேட்டதில்லை. நாங்கள் யாரிடமும் கேட்டதும் இல்லை. இந்தப் 'பங்கு' என்பது ஊதியமா, மதிப்பூதியமா, லாபப் பிரிவினையா என்று ஆடிட்டர் என்னைக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. சங்கம் தன் உறுப்பினர்களுக்கு லாபத்தைப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. ஆடியதற்கான ஊதியத்தைக் கொடுக்கலாம். பரம்பரையாக வழங்கிவரும் ஒரு சொல், ஆங்கிலத்தில் எந்தச் சொல்லாக மாறுகிறது என்பதைப் பொறுத்து, மன்றம் விதிக்கு உட்பட்டதாகவோ விதியை மீறியதாகவோ ஆகிவிடுகிறது. கடைசியில் ஒவ்வொரு கலைஞரிடமும் கையெழுத்து வாங்கி 'ஆட்ட ஊதியம்' என்று பற்றுச்சீட்டு எழுதும் வழக்கத்தை ஏற்படுத்தினோம். தொடக்கத்தில் சற்றுச் சங்கடமாக இருந்தது. 'என்னிடமே கையெழுத்தா' என்று மூத்த கலைஞர் ஒருவர் முகம் சுளித்தார். இப்போது அவரே மறக்காமல் சீட்டைக் கேட்கிறார்.

செயல்பாட்டுச் சான்றைப் பொறுத்தவரை எங்களுக்கு உதவியது யாரும் மதிக்காத ஒரு காகிதம்: கோயில் திருவிழா நோட்டீஸ். எந்த நாளில் எந்த மன்றத்தின் கூத்து, என்ன கதை என்று அதில் அச்சாகியிருக்கும். திருவிழா முடிந்ததும் சுண்டல் மடிக்கப் போய்விடும் அந்த நோட்டீஸை ஆண்டுக்கு ஆண்டு ஒரு கோப்பில் சேர்த்து வைத்ததுதான் நான் இந்த மன்றத்துக்குச் செய்த ஒரே உருப்படியான பணி என்று நினைக்கிறேன். ஆனால் நோட்டீஸ் தமிழில்தான் இருக்கும். அதில் உள்ள மன்றம்தான் விண்ணப்பத்தில் உள்ள மன்றம் என்று தில்லியில் இருப்பவருக்கு யார் சொல்வது?

இந்தக் கேள்வியை நான் மொழிப்பற்றால் மட்டும் எழுப்பவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 350ஆவது பிரிவு, குறை தீர்க்கக் கோரும் முறையீட்டை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எவரும் எந்த அதிகாரியிடமும் அளிக்கலாம் என்கிறது. நடுவண் அரசின் 1976ஆம் ஆண்டு ஆட்சிமொழி விதிகள், தமிழ்நாடு நீங்கலாக நாடு முழுமைக்கும் பொருந்தும் என்றே எழுதப்பட்டிருக்கின்றன. மானிய விண்ணப்பம் முறையீடு ஆகாது என்று சட்டம் அறிந்தவர்கள் கூறலாம், ஏற்றுக்கொள்கிறேன். எனினும், காகிதத்தில் தமிழில் எழுதிக் குறையைச் சொல்லும் உரிமையுள்ள குடிமகனுக்கு, திரையில் தன் மன்றத்தின் பெயரைத் தமிழில் எழுத ஒரு கட்டம்கூட இல்லை என்பது பொருத்தமாகப் படவில்லை.

இது தொழில்நுட்பத்தால் முடியாத காரியமும் இல்லை. ஆதார் அட்டையை எடுத்துப் பாருங்கள்: நம் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகியிருக்கிறது. நாட்டின் மிகப் பெரிய அடையாளத் தரவுத்தொகுப்பு ஒவ்வொருவர் பெயரையும் இரண்டு எழுத்திலும் சேமித்து வைத்திருக்கும்போது, கலை அமைப்புகளுக்கான ஒரு தளத்தில் அது ஏன் இயலாது? சங்கத்தின் பதிவு எண்ணும் பதிவான ஆண்டும் பதிவு மாவட்டமும் சேர்ந்தாலே அது வேறெந்தச் சங்கத்தோடும் குழம்பாது. பெயரின் எழுத்துக்கூட்டலை விட்டுவிட்டு இந்த மூன்றைக் கொண்டு பதிவுத்துறையின் தரவோடு சரிபார்த்தால், எங்கள் சிக்கலில் பெரும்பகுதி ஒரு நாளில் தீரும்.

ஆங்கில எழுத்துக்கூட்டலுக்கு அரசே ஓர் ஒழுங்கைக் கொண்டுவரலாமே என்று கேட்போர் உண்டு. அதற்கும் ஒரு முன்கதை இருக்கிறது. 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் 1,018 ஊர்களின் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுதுவதற்கான அரசாணை வெளியானதும், புதிய எழுத்துக்கூட்டல்கள் பலருக்கும் விந்தையாகத் தோன்றியதால் சில நாள்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஊர்ப் பெயருக்கே உடன்பாடு காண முடியாத நிலையில், ஆயிரக்கணக்கான மன்றங்களும் சபாக்களும் ஒரே நெறிக்கு வரும்வரை காத்திருப்பது ஆகாத காரியம். எனவேதான் எழுத்துக்கூட்டலைத் திருத்தும்படி கேட்காமல், எழுத்துக்கூட்டலைச் சார்ந்திராத சரிபார்ப்பைக் கேட்கிறேன்.

அதுவரை, புதிதாகப் பதிவு செய்யப் போகும் குழுக்களுக்கு, பட்டவன் என்ற முறையில் சில வார்த்தைகள். முதற்கூட்டத்திலேயே மன்றத்தின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒவ்வோர் எழுத்தாகத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி எழுவரும் கையெழுத்திடுங்கள். அதன்பின் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் வாயால் பெயரைச் சொல்லாமல் அந்தப் பக்கத்தின் நகலை நீட்டுங்கள். பெயரைச் சுருக்கமாக வையுங்கள். அம்மன் பெயர், ஊர்ப் பெயர், நிறுவிய வாத்தியார் பெயர், கலையின் பெயர் எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடுக்கினால், படிவத்தின் கட்டத்துக்குள் அடங்காமல் வால் அறுபட்டுப் போகும். மன்றத்துக்கென்று ஒரு மின்னஞ்சலும் ஒரு கைப்பேசி எண்ணும் இருக்கட்டும். அவை தனிமனிதரோடு போய்விடக் கூடாது. மாவட்டப் பதிவாளரிடம் ஆண்டுதோறும் அளிக்க வேண்டிய கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் ஓராண்டுகூடத் தவறவிடாதீர்கள். நிர்வாகக் குழு மாறினால் அதையும் தெரிவித்துவிடுங்கள். பதிவு செய்துவிட்டு மறந்துபோன சங்கங்களே நம்மிடையே அதிகம், மானிய அறிவிப்பு வந்தபின் விட்டுப்போன ஆண்டுகளின் கணக்கை ஒன்றாக எழுத உட்காருவதைப் போன்ற துன்பம் வேறில்லை. வருமான வரி விலக்குக்கான பதிவைப் பற்றி ஒரு நல்ல ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நலம். அதை நான் விளக்கப் புகுந்தால் இக்கடிதம் நீண்டுவிடும்.

பணம் வந்தபின்னும் இந்தப் பெயர் விடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளின்படி, நிதியாண்டு முடிந்த 12 மாதங்களுக்குள் பயன்பாட்டுச் சான்றிதழை உரிய படிவத்தில் அளிக்க வேண்டும். அந்தச் சான்றிதழில் ஆடிட்டரின் முத்திரைக்கு மேலே இருக்கும் மன்றத்தின் பெயர், மானிய ஆணையில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

துறையினரிடம் என் வேண்டுகோள் இரண்டு. நடுவண் அரசின் தளங்களில் தமிழ்ப் பெயருக்கு ஒரு கட்டமும், பதிவு எண்ணைக் கொண்டு சரிபார்க்கும் வழியும் வேண்டும். இதை மாநில அரசு எழுதிக் கேட்டால் எடுபடும். அது நடக்க நாளாகும் என்பதால், கலை பண்பாட்டுத் துறையின் மண்டல மையங்கள், பதிவுத்துறையிலிருந்து ஒருவர், வங்கியிலிருந்து ஒருவர், ஆடிட்டர் ஒருவர் ஆகியோரை ஒரே கூடத்தில் அமர்த்தி, கலைக்குழுக்களின் ஆவணப் பெயர்களை ஒன்றுபடுத்தும் முகாம் நடத்தலாம். எங்களைப் போன்ற சிறிய மன்றங்களுக்கு, தஞ்சாவூரில் உள்ள தென்னகப் பண்பாட்டு மையத்துக்கோ சென்னைக்கோ சென்றுவரும் செலவே ஒரு களரியின் வரும்படியைத் தின்றுவிடும். தனிக்கலைஞர்களை நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் சேர்க்க அவ்வப்போது நடக்கும் முயற்சிகளைப் போல, குழுக்களுக்கும் மாவட்ட அளவில் ஒரு நாள் ஒதுக்கினால் போதும்.

அந்த நாளைக் குறிக்கும்போது ஒன்றை மட்டும் மனத்தில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். பங்குனி முதல் ஆடி வரை எங்கள் ஆட்கள் பகலில் உறங்குபவர்கள். அப்போது அழைத்தால் பாதிப்பேர் வரமாட்டார்கள், வந்த மீதிப்பேரும் நாற்காலியில் தூங்குவார்கள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அடைமழை, களரி இல்லை. அந்த இரண்டு மாதங்களில் எந்தக் கிழமை அழைத்தாலும், பதிவுச் சான்று, பான் அட்டை, கணக்குப் புத்தகம், தீர்மானப் புத்தகம் நான்கையும் நெகிழிப் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு, கையெழுத்திடும் மூவரும் வந்து சேர்வோம்.

தங்கள் உண்மையுள்ள,
தெருக்கூத்து மன்றச் செயலாளர் ஒருவர்